காரின் கீலெஸ் கோடு எண் மறந்துபோனால் அது எங்கே இருக்கும், எப்படி மீட்பது?

உங்கள் கேள்வியில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு மாதங்களுக்கு முன் காலமான உங்கள் தந்தையார் ஓட்டிவந்த, பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார். அசோக் நகரில் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் அது அன்றிலிருந்து அசையாமல் நிற்கிறது. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் கீதான் (அருகில் வைத்திருந்தாலே காரைத் திறக்கவும் ஸ்டார்ட் செய்யவும் உதவும் மின்னணுச் சாவி) கிடைத்தது. அதுவும் இப்போது கதவைத் திறப்பதில்லை. வந்து பார்த்த மெக்கானிக், அப்பா வைத்திருந்த கோடு எண் தெரியாமல் புதுச் சாவி போட முடியாது, சிஸ்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னொன்று, டெக்சாஸில் இருக்கும் உங்கள் தங்கை பழையதாக வாங்கிய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். அதன் ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில், எண்களைத் தொட்டுக் கதவைத் திறக்கும் பட்டை ஒன்று இருக்கிறது. அதற்குரிய ஐந்து இலக்க எண் அவருக்கு மறந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டிய வேலைகள் வேறு வேறு; அடிப்படை ஒன்றே. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எந்தப் பாதுகாப்பு அமைப்பிலும் அதன் எண் காரின் கண்ட்ரோல் யூனிட் என்ற கணினிப் பெட்டிக்குள்ளோ, சேசிஸ் எண்ணோடு சேர்த்துத் தயாரிப்பு நிறுவனத்தின் பதிவிலோ, பெரும்பாலும் இரண்டிலுமோ இருக்கும். உரிமையாளர் மறந்தாலும், அவர் காலமானாலும் அது அழிவதில்லை. ஆகையால் அப்பாவின் நாட்குறிப்பையும் பழைய கோப்புகளையும் புரட்டிக்கொண்டு நாட்களைக் கழிப்பதைவிட, அந்த எண்ணைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைக் காட்டும் ஆவணங்களை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். ஆவணம் சரியாக இருந்தால் எண் தானாகவே கைக்கு வரும். ஆவணம் இல்லாமல் எந்தக் கருவியைக் கொண்டு வேலையைத் தொடங்கினாலும் அது பாதியில் நிற்கும், அல்லது தவறான ஆளின் கையில் போய்ச் சேரும்.

அதற்கும் முன்பாக ஒன்றைச் சோதித்துவிட வேண்டும். உங்கள் சென்னைக் காரின் கதவு திறக்காததற்குக் கோடு எண் காரணமாகவே இருக்காது என்று நான் கருதுகிறேன். ஸ்மார்ட் கீ உள்ள காரில் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும், கார் தன் ஆன்டெனாக்கள் வழியே சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையில் ஓர் அழைப்பை அனுப்பும். அருகிலுள்ள சாவி அந்த அழைப்பை உணர்ந்து, நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பதில் சொல்லும். அழைப்பு விடுக்கக் காரின் 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் வேண்டும். பதில் சொல்லச் சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லில் சார்ஜ் வேண்டும். நிறுத்திவைத்த காரிலும் அலாரமும் கண்ட்ரோல் யூனிட்டுகளும் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருப்பதால், இரண்டு மாதம் ஓடாத காரின் பேட்டரி, அது சற்றுப் பழையதாக இருந்தால், அநேகமாக இறங்கிப்போயிருக்கும். இந்த நிலையில் எந்தக் கோடு எண்ணை வைத்துக்கொண்டும் கதவைத் திறக்க முடியாது. இறங்கிய பேட்டரிக்காகச் சிஸ்டத்தை மாற்றுவது வீண் செலவு.

ஸ்மார்ட் கீயின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை நகர்த்தினால் அதற்குள்ளிருந்து ஓர் உலோகச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவில் சாவித்துளை கண்ணுக்குத் தெரியாவிட்டால், கைப்பிடியின் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குள் அது மறைந்திருக்கும். அந்தச் சாவியால் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் லீவரை இழுத்துப் பானட்டைத் திறந்து, பேட்டரியை அளந்து பாருங்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் சார்ஜ் போடவோ, வேறொரு பேட்டரியோடு கேபிளால் இணைத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யவோ வேண்டும். மின்சாரம் திரும்பியதும் அலாரம் அலறக்கூடும். பதிவான சாவியைக் கார் அடையாளம் கண்டதும் அது அடங்கிவிடும். சாவியின் பட்டன் செல்லையும் அப்போதே மாற்றிவிடுங்கள். எந்த அளவு செல் என்பது பழைய செல்லின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 2032 அல்லது 2025 என்று முடியும்.

புதிய செல் போட்டும் கார் சாவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால், சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தபடி, பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்திப் பாருங்கள். சாவிக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் சிப் அந்தச் செல்லை நம்பி இயங்குவதில்லை. அருகில் உள்ள கம்பிச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். சில மாடல்களில் இதற்கென்று கன்சோலில் தனி இடம் வைத்திருப்பார்கள். அது எங்கே என்பதை ஓனர்ஸ் மேனுவல் சொல்லும். இப்படி கார் ஸ்டார்ட் ஆகிவிட்டால் உங்கள் பிரச்சினை இரண்டாவது சாவியைப் பெறுவது மட்டுமே.

வீட்டில் குழந்தைகள் அந்தச் சாவியை எடுத்து விளையாடினார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள். ரிமோட் ஒவ்வொரு முறை அழுத்தப்படும்போதும் வேறொரு எண்ணை அனுப்புகிறது. கார் தன் கணக்கை அதனோடு ஒத்துப் பார்க்கிறது. காரிலிருந்து தொலைவில் பலமுறை அழுத்தினால் ரிமோட்டின் கணக்கு முன்னே ஓடிவிடும். இந்த முறையில் பரவலாகப் பயன்பட்ட கீலாக் என்ற வகையில் 16 எண்கள் வரை விலகல் இருந்தால் கார் உடனே ஏற்றுக்கொள்ளும். அதற்கும் அதிகமானால் காரின் அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினாலே கணக்கு சரியாகிவிடும். இதற்கும் கோடு எண் தேவையில்லை.

இனி, கோடு எண் என்றால் எது என்று பார்ப்போம். இந்தியாவில் விற்கப்படும் கார்களில் கதவில் எண் பலகை வருவது வழக்கமில்லை என்பதால், உங்கள் தந்தையார் வைத்திருந்த எண் கதவைத் திறக்கும் எண்ணாக இருந்திருக்காது. நம் ஊரில் ‘சாவி கோடு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் பல வேறு எண்களைக் குறிக்கிறது. மெக்கானிக் ஒன்றை நினைத்துச் சொல்ல, உரிமையாளர் வேறொன்றைத் தேட, காலம் போய்விடுகிறது. புதுக் கார் வாங்கும்போது இரண்டு சாவிகளோடு ஒரு சிறிய உலோகத் தகடோ அட்டையோ தருவார்கள்; அதில் உள்ள எண் உலோகச் சாவியை எந்த வடிவில் வெட்ட வேண்டும் என்பதை மட்டும் குறிப்பது. அந்த எண்ணைக் கொண்டு வெட்டிய சாவி கதவைத் திறக்கும், இன்ஜினை ஓட்டாது. இன்ஜினை ஓட்டவிடுவதும் தடுப்பதும் இம்மொபிலைசர். அதில் புதிய சாவியைப் பதிவு செய்ய ஸ்கேனர் கருவி கேட்கும் பின் எண் வேறு. உங்கள் மெக்கானிக் கேட்டது அநேகமாக இந்த எண்ணைத்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் சில கார்களில் ஆடியோ கேட்கும் எண் இன்னொன்று. அதற்கும் சாவிக்கும் தொடர்பில்லை. செல்போன் செயலியில் கதவைத் திறக்க உதவும் பின் எண்ணும் தனி, கடையில் பொருத்திய அலாரத்தின் எண்ணும் தனி.

இவற்றுள் முதல் இரண்டையும் தருவது சேசிஸ் எண்ணும் உங்கள் அடையாளமும்தான். பதினேழு எழுத்தெண்கள் கொண்ட சேசிஸ் எண் ஆர்.சி.யிலும், இன்ஷூரன்ஸ் பாலிசியிலும், காரின் உடலிலும் இருக்கும். காரில் பொறித்திருப்பது மங்கியிருந்தால் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் சேசிஸ் எண்ணில் வருவதே இல்லை. ஆகவே ஓ போலத் தெரிவது பூஜ்யமாகவோ, தேய்ந்துபோன வேறோர் எழுத்தாகவோதான் இருக்கும். எண்ணின் தொடக்கமே தயாரிப்பாளரைச் சொல்லிவிடும். எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.3 என்றால் மாருதி சுசுகி, எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.ஏ.ஜே. என்றால் நம் மறைமலை நகர் ஆலையை நடத்திய ஃபோர்டு இந்தியா. ஒரே ஓர் எழுத்தெண் மாறினாலும் வேறொரு காரின் சாவிக்கு ஆர்டர் போய்விடும். மின்னணுப் பாகம் என்பதால் அதைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

உங்கள் நிலையில் மிக முக்கியமானது அடையாளத்தை நிறுவுவது. இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார் இன்னும் தந்தையார் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்த முப்பது நாட்களுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு (ஆர்.டி.ஓ.) தெரிவித்துவிட்டால், காரை வைத்திருக்கும் வாரிசு மூன்று மாதங்கள் வரை அதைத் தம் பெயரில் மாற்றப்பட்டது போலவே பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அந்த மூன்று மாதங்களுக்குள் 31 ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் போகிறது: பாலிசிதாரர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் பாதுகாப்பு நீடிக்கும். உங்களுக்கு இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. முப்பது நாள் தகவல் கொடுக்கப்படவில்லை என்றால் காரை இப்போது சாலைக்கு எடுக்காதீர்கள். சாவி வேலைக்குக்கூட டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள், அல்லது டெக்னீஷியனை வீட்டுக்கு வரவழையுங்கள்.

தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். சான்றிதழ் வந்ததும் தாயாரும் தங்கையும் காரை உங்கள் பெயருக்கு மாற்ற எழுத்தில் சம்மதம் தர வேண்டியிருக்கும். தங்கை வெளிநாட்டில் இருப்பதால் அவருடைய கடிதத்துக்குச் சற்று நேரம் பிடிக்கும். காரின் எண் டி.என். 09 என்று தொடங்கினால் அதற்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகம் கே.கே. நகரிலேயே இருக்கிறது. கடன் நிலுவையில் இருந்து ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். இவை அனைத்தும் முடிந்த பிறகுதான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும் என்பதில்லை. இறப்புச் சான்றிதழ், தந்தையாரின் ஆர்.சி., நீங்கள் அவருடைய மகன் என்பதைக் காட்டும் அடையாள அட்டை ஆகியவற்றோடு சென்று பேசினால், என்னென்ன கேட்பார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளலாம். சிலர் வாரிசுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அது எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அப்படிக் கேட்பதே சரி என்பேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் உங்களுக்குச் சாவி செய்து தருகிற இடம், உங்கள் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வரும் வேறொருவருக்கும் அப்படியே செய்து தந்துவிடும்.

இரண்டாவது சாவி வீட்டில் எங்கோ இருக்கிறதா, தொலைந்துவிட்டதா என்பது தெளிவில்லை என்றால், தொலைந்ததாகவே கருதி, அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெறப்பட்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) வாங்கிவிடுங்கள். சர்வீஸ் சென்டரும் இன்ஷூரன்ஸ் நிறுவனமும் அதைக் கேட்கக்கூடும். ஆர்.சி.யே காணவில்லை என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அந்த அறிக்கையைக் கொண்டு நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்கலாம்.

ஆவணங்கள் ஏற்கப்பட்டால் அதற்குப் பிறகு நடப்பது எளிது. நிறுவனத்தின் பதிவிலிருந்து சாவி வெட்டும் எண்ணும் இம்மொபிலைசர் பின் எண்ணும் பெறப்படும். பல நிறுவனங்களில் அந்தப் பின் எண் வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரியாமல், ஸ்கேனரிலிருந்து நேராக நிறுவனத்தின் சர்வரோடு பேசி முடிந்துவிடும். புதிய ஸ்மார்ட் கீ சேசிஸ் எண்ணுக்கு ஆர்டர் செய்யப்பட்டு வந்து சேரும். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைக் காரோடு இணைப்பதற்கென்று உள்ள ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் செருகிச் சாவிகளைப் பதிவு செய்வார்கள். அன்றைக்கு உங்களிடம் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள், வேலை செய்யாத சாவி உட்பட. பல மாடல்களில் பதிவு செய்யும்போது பழைய பட்டியல் முழுவதும் அழிந்து, அப்போது காட்டப்படும் சாவிகள் மட்டும் புதிதாக ஏறும். இது உங்களுக்கு நன்மையே. காணாமல்போன சாவி யார் கையில் இருந்தாலும், அதன் ரிமோட் கதவைத் திறக்காது, இன்ஜினையும் எழுப்பாது. அதற்குள் இருக்கும் உலோகச் சாவி மட்டும் கதவுப் பூட்டைத் திறக்கும் என்பதால், சாவி திருடு போயிருக்கும் என்று ஐயம் இருந்தால் கதவின் பூட்டுருளையையும் மாற்றச் சொல்லலாம்.

வெளியே சாவி செய்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்னையில் திறமையான சாவிக்காரர்கள் இருக்கிறார்கள். கருவி வைத்துச் சாவி பதிவு செய்யத் தெரிந்தவர்களும் பலர். கையில் வேலை செய்யும் சாவி ஒன்று இருந்தால் அவர்கள் வேலை பெரும்பாலும் சுலபமாக முடியும். ஆனால் பின் எண் தெரியாமல் ஊகித்துப் போட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள். சில முறை தவறினாலே இம்மொபிலைசர் குறிப்பிட்ட நேரத்துக்குத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது பதிவைத் தொடங்கி, நடுவில் மின்சாரம் இறங்கினால் கண்ட்ரோல் யூனிட்டே குழம்பிப்போகும் ஆபத்து உண்டு. முதலில் பேட்டரியைச் சரிசெய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஸ்மார்ட் கீ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதன் கூட்டை மட்டும் வாங்கலாம். பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கீ ஒரு காரில் பதிவாகிவிட்டால் அந்தக் காருக்கே கட்டுப்பட்டுவிடும். வேறு காரில் எளிதில் ஏறாது. அமெரிக்காவிலிருந்து தங்கை வாங்கி அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம். அங்கே பல கார்களின் சாவிகள் 315 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. நம் கார் அதைக் கேட்காது.

சிஸ்டம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னது ஒரே ஒரு நிலையில் நியாயமாக இருக்கலாம்: கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியிருந்தால். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கீழ்த்தளப் பார்க்கிங்குகளில் நின்ற கார்களில் தண்ணீர் புகுந்து, கனெக்டர்கள் பச்சைப் பூத்துப் போனதைப் பார்த்தவர்கள் இங்கே ஏராளம். ஸ்மார்ட் கீ கண்ட்ரோல் யூனிட் தண்ணீரில் நனைந்து செத்திருந்தால் புதியது வாங்கத்தான் வேண்டும். அப்போது அது இன்ஜின் கண்ட்ரோல் யூனிட்டோடும் சாவிகளோடும் மீண்டும் இணைக்கப்பட வேண்டும், பழைய எண் பயன்படாமலும் போகலாம். தரை விரிப்பைத் தூக்கி ஈரமும் சேற்றுக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லை என்றால், பேட்டரியை ஏற்றி ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளைப் படித்துக் காட்டாமல் யூனிட்டை மாற்றச் சொல்லும் எவருக்கும் சம்மதிக்காதீர்கள்.

தயாரிப்பாளரிடம் எண் இருக்கும் என்று நான் சொன்னதற்கு விலக்கு ஒன்று உண்டு. கார் வாங்கிய பின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் உள்ள கடைகளில் தனியாக அலாரமோ சென்ட்ரல் லாக்கோ பொருத்தியிருந்தால், அதன் எண் அந்தப் பெட்டியோடு வந்த அட்டையில் மட்டும் இருக்கும். கார் நிறுவனத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த எண்ணைத் தேடி அலைவதில் பயனில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் டேஷ்போர்டுக்குக் கீழே அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து, வெட்டப்பட்ட ஒயர்களைப் பழையபடி சேர்த்து, அதை முற்றிலும் நீக்கிவிடுவார். பழைய பெட்டியை வைத்துக்கொண்டு போராடுவதைவிட அதுவே நல்லது.

செயலியின் பின் எண்ணைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹூண்டாயின் புளூலிங்க் போன்ற சேவைகளில் நான்கு இலக்க பின் எண் இருக்கும். அது தந்தையாரின் கணக்கோடு இணைந்தது. அவருடைய செல்போன் எண் இன்னும் உயிரோடு இருந்தால் ஓ.டி.பி. வழியே மாற்றலாம், இல்லையென்றால் பெயர் மாறிய ஆர்.சி.யோடு சர்வீஸ் சென்டர் வழியே பழைய கணக்கை விலக்கிப் புதிய கணக்கைத் தொடங்க வேண்டும். அதனால் அவருடைய சிம் கார்டை அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள். கார் கீழ்த்தளத்தில் நிற்பதால், காரின் உள்ளே இருக்கும் சிம்முக்கு நெட்வொர்க் கிடைக்காமல் செயலி வேலை செய்யாதிருக்கவும் கூடும்.

இனித் தங்கையின் எக்ஸ்ப்ளோரர். ஃபோர்டு நிறுவனம் இந்த எண் பலகையை 1980 இல் அறிமுகப்படுத்தியது. இன்றுவரை அமெரிக்கச் சந்தையில் அதன் பல மாடல்களில் வருகிறது. ஐந்து இடங்கள்தான் அழுத்த முடியும். ஒவ்வொன்றும் இரண்டு எண்களுக்குப் பொது: 1-2, 3-4, 5-6, 7-8, 9-0. ஆகவே 1 என்று இருந்தாலும் 2 என்று இருந்தாலும் அழுத்தும் இடம் ஒன்றே. ஐந்து இலக்கங்களுக்கு மொத்தம் 3,125 சேர்க்கைகள் மட்டுமே. அப்படியானால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஏழு முறை தவறினால், அதாவது தொடர்ந்து 35 அழுத்தங்கள் ஆனால், பலகை ஒரு நிமிடம் செயலிழந்துவிடும். எல்லாவற்றையும் முயன்றால் அந்தக் காத்திருப்பு மட்டுமே ஏழு மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் அண்டை வீட்டார் போலீஸை அழைக்காமல் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்தப் பலகையில் இரண்டு வகை எண்கள் உண்டு என்பதைத் தங்கைக்கு விளக்குங்கள். தொழிற்சாலை எண் நிரந்தரமானது. அதை யாராலும் அழிக்க முடியாது. அதைக் கொண்டு உரிமையாளர் தமக்கென்று சேர்த்துக்கொள்ளும் சொந்த எண் அழிக்கக்கூடியது. முந்தைய உரிமையாளர் அவருக்குச் சொன்னது சொந்த எண்ணாக இருந்திருக்கலாம். மீட்க வேண்டியது தொழிற்சாலை எண்ணை. அது முதலில் ஒரு சிறிய அட்டையில் அச்சிட்டு, ஓனர்ஸ் மேனுவலோடு குளோவ் பாக்ஸில் வைத்துத் தரப்படும். அட்டை இல்லையென்றால், பதிவான இரண்டு ஸ்மார்ட் கீகளும் அவரிடம் இருக்கும்பட்சத்தில், பல மாடல்களில் அவற்றை மேனுவலில் சொன்ன வரிசைப்படி காட்டினால் மீட்டருக்கு அருகிலுள்ள திரையிலேயே எண் சில விநாடிகள் தோன்றும்; செல்போனில் படம்பிடிக்க ஒருவர் தயாராக நிற்க வேண்டும். பழைய மாடல்களில் அதைக் கட்டுப்படுத்தும் மாட்யூலின் மேல் ஒட்டிய லேபிளில் எண் அச்சிட்டிருக்கும். ஆனால் அதை எட்ட உட்புறப் பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். மாட்யூல் எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் அட்டையில் உள்ள எண் செல்லாது, புதிய மாட்யூலின் எண்ணே செல்லும். இவை எதுவும் இயலாவிட்டால் டீலரிடம் கார் உரிமைப் பத்திரத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டினால் அவர்கள் ஸ்கேனரால் படித்துத் தருவார்கள். அங்கே வெளியிலிருக்கும் சாவிக்காரர்களிலும், நாஸ்டிஃப் என்ற அமைப்பின் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு நிறுவனங்களின் சாவி எண்களைப் பெறும் அனுமதி இருக்கிறது. அவர்களும் உரிமைச் சான்றைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே வேலை செய்ய வேண்டும் என்பது விதி.

எண் கிடைத்தவுடன் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, முந்தைய உரிமையாளர் வைத்த சொந்த எண்களை அழிப்பது. பிறகு தொழிற்சாலை எண்ணைப் போட்டு, ஐந்து விநாடிக்குள் 1-2 என்ற இடத்தை அழுத்தி, தாம் விரும்பும் ஐந்து இலக்கங்களைச் சேர்க்கலாம். பிறந்த ஆண்டையோ வீட்டு எண்ணையோ வைக்க வேண்டாம். காரைப் பூட்ட 7-8, 9-0 இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் போதும். அந்த அட்டை குளோவ் பாக்ஸில் இருக்கக் கூடாது. கண்ணாடியை உடைத்து உள்ளே கைவிடுபவனுக்கு அது அடுத்த நாளும் காரைத் திறந்துகொடுத்துவிடும்.

உங்கள் காருக்கும் இது பொருந்தும். உலோகத் தகடு திரும்பக் கிடைத்தால் அதைச் சாவிக் கொத்தில் மாட்டிவைக்காதீர்கள், ஆர்.சி. இருக்கும் கோப்பில் வையுங்கள். தாயாருக்கு அந்த இடம் தெரிந்திருக்கட்டும். தகட்டையோ உலோகச் சாவியையோ படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், ஏனென்றால் நல்ல சாவிக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தே சாவி வெட்டிவிடுவார். ஆக்டிங் டிரைவரிடம் காரைக் கொடுக்கும்போது ஒரு சாவி மட்டும் கொடுங்கள், செயலியின் பின் எண்ணைச் சொல்லாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். கார் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது நம் நாட்டில் நடைமுறை. ஒன்று முன்பே தொலைந்தது என்று அப்போது சொன்னால், காரைத் திறந்து விட்டதாகவோ சாவியை யாருக்கோ கொடுத்ததாகவோ ஐயம் எழுந்து, பணம் வருவது தடைப்படும். அதனால் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கொடுக்கும் கடிதத்திலேயே, ஒரு சாவி காணவில்லை என்பதையும், சி.எஸ்.ஆர். எண்ணையும், புதிய சாவி பதிவானதும் அதன் பில்லையும் சேர்த்துத் தெரிவித்து, கடிதம் பெற்றதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசியில் சாவி மாற்றுச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்; இருந்தால், சர்வீஸ் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டியிருக்கலாம். புதிய சாவிகளை வாங்கும்போது, சர்வீஸ் சென்டரின் வாசலிலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: மற்றச் சாவியைத் தொலைவில் வைத்துவிட்டுக் கதவு திறக்கிறதா, டிக்கி திறக்கிறதா, உலோகச் சாவி கதவுத் துளையில் திரும்புகிறதா, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்து, இம்மொபிலைசரில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதை, செய்த வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வாருங்கள்.